பவளத்திற்கும் பசி உண்டு

லூமுட் என்னும் மலாய்ச் சொல்லுக்குப் பாசி என்பது பொருள். பேராக் மாநிலத்தின் மேற்குக் கரையில், டிண்டிங் ஆறு கடலில் கலக்கும் முகத்தருகே அமைந்தது அத்துறைமுக ஊர். 1874ஆம் ஆண்டு பங்கோர் தீவருகே கப்பலொன்றில் கையெழுத்தான உடன்படிக்கையின் விளைவாக ஆங்கிலேயர் கைக்குச் சென்ற டிண்டிங்ஸ் நிலப்பகுதி, 1935இல் மீண்டும் பேராக்கோடு இணைந்தது. அப்பகுதியின் துறையே லூமுட். மலேசியக் கடற்படையின் பெருந்தளம் இன்று அங்கே இருக்கின்றது. மாசி மகத் திருநாளில் பங்கோர் பத்ரகாளியம்மனை வணங்க ஈப்போவிலிருந்தும் தெலுக் இந்தானிலிருந்தும் சுற்றுவட்டாரத் தோட்டப்புறங்களிலிருந்தும் வரும் தமிழர் படகேறும் இடமும் அதுவே. பால்மரக் காட்டுக்குள் பிறந்து வளர்ந்த பேராக் தமிழர் பலருக்குக் கடல் என்றால் லூமுட்தான்.

அந்தக் கடல் இப்போது வீட்டுக் கூடத்திற்குள்ளும் புகுந்துவிட்டது. கண்ணாடித் தொட்டியில் உப்புநீர் நிரப்பி, மேலே நீல விளக்கைத் தொங்கவிட்டு, உயிர்ப் பவளங்களை வாங்கி வளர்க்கும் வழக்கம் பெருநகரங்களில் தொடங்கிச் சிற்றூர்கள் வரை பரவியிருக்கின்றது. நாய்க்கும் பூனைக்கும் கிளிக்கும் உணவு என்ன என்று கேட்டு வாங்குவோர், பவளத்தை வாங்கும்போது அக்கேள்வியைக் கேட்பதில்லை. கேட்பவருக்கும் பெரும்பாலும் கிடைக்கும் மறுமொழி ஒன்றே: "இதற்குச் சாப்பாடு ஒன்றும் வேண்டாம், வெளிச்சம் போதும்."

அம்மறுமொழியில் உண்மை உண்டு. ஆயின் அது முழு உண்மையன்று. சொல்லாமல் விடப்பட்ட பகுதியில்தான் பவளத்தின் சாவு ஒளிந்திருக்கின்றது. பவளம் ஓர் உயிர். அதற்கு வாய் உண்டு, வயிறு உண்டு, பசியும் உண்டு. அதனை வீட்டுக்குக் கொண்டுவருகிறவர் அதற்கு உணவூட்டக் கடமைப்பட்டவர். ஊட்ட மனமோ பொழுதோ இல்லாதவர் அதனை வாங்கலாகாது. ஊட்ட வேண்டும் என்பதை மறைப்பவர் அதனை விற்கலாகாது.

மணியா, கொடியா, உயிரா?

தமிழருக்குப் பவளம் புதிய பொருளன்று. நவமணிகளுள் ஒன்றாக அதனை எண்ணினர். பெண்ணின் இதழுக்கு உவமையாக்கினர். குழந்தையின் கழுத்தில் கட்டி மகிழ்ந்தனர். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்னும் கடல்வழி நூல், முசிறித் துறையில் வந்திறங்கிய சரக்குகளின் வரிசையில் பவளத்தையும் குறிக்கின்றது. இத்தனை நெடிய உறவிருந்தும், பவளத்தை மணியாகவும் கொடியாகவும் கண்டவர்கள் அதனை வாயுடைய உயிராகக் கண்டாரல்லர். பவளக்கொடி என்னும் பெயரே அதற்குச் சான்று.

இது தமிழரிடம் மட்டும் இருந்த எண்ணமன்று. ஐரோப்பிய அறிஞரும் பவளத்தைச் செடியென்றே நெடுங்காலம் கருதினர். 1720களில் மார்சேய் நகர மருத்துவர் பெய்சொனெல், பவளத்தின் பூக்கள் எனப்பட்டவை பூக்களல்ல, உயிருள்ள சிறு விலங்குகளே என்று கண்டறிந்து எழுதினார். அக்கருத்தைப் பாரிசு அறிவியற் கழகத்தில் எடுத்துரைத்த ரெயோமூர், அது நகைப்புக்கு இடமாகும் என்று எண்ணி, எழுதியவரின் பெயரையே மறைத்துவிட்டார். 1740களில் வேறு சான்றுகள் வந்த பின்னரே பெய்சொனெல் சொன்னது சரியென்று அவர் ஒப்புக்கொண்டார்.

பவளக்கூட்டத்தின் ஒவ்வோர் உறுப்பினமும் பை போன்ற சிற்றுடல் உடையது. அதன் மேற்புறத்தில் ஒரே வாய். வாயைச் சுற்றிக் கைகள் போன்ற உணர்கொம்புகள். அக்கொம்புகளில் இரையைக் கொட்டி மயக்கும் நுண்ணிய செல்கள். இவ்வாறான ஆயிரக்கணக்கான சிற்றுடல்கள் அருகருகே அமர்ந்து, அடியில் சுண்ணாம்புக் கூட்டைக் கட்டிக்கொண்டே வளர்கின்றன. உண்ணாத உயிருக்கு வாய் எதற்கு? வேட்டையாடாத உயிருக்குக் கொட்டும் செல் எதற்கு?

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தமிழர் கழுத்தில் அணியும் செம்பவளம் நடுநிலக் கடலின் மங்கிய பாறைக் குகைகளிலும் ஆழத்திலும் வளர்வது. அதன் உடலில் ஒளியைக் கொண்டு உணவாக்கும் பாசி கிடையாது. நீரோட்டம் கொண்டுவந்து சேர்க்கும் நுண்ணுயிர்களைப் பிடித்துண்டே அது வாழ்கின்றது. பரம்பரையாகத் தமிழர் பெட்டியில் பூட்டி வைத்த பவளமே, வெளிச்சம் போதும் என்ற வாதத்தைப் பொய்யாக்கும் முதற் சான்று.

வெளிச்சம் போதும் என்னும் வாதம்

தொட்டிகளில் வளர்க்கப்படும் பவளங்களுள் பெரும்பாலானவை வேறு வகை. அவற்றின் தசைக்குள் சூசாந்தெல்லே எனப்படும் நுண்பாசி குடியிருக்கின்றது. அது ஒளிச்சேர்க்கை செய்து ஆக்கும் உணவில் பெரும்பங்கைப் பவளத்திற்கு வாடகையாகத் தருகின்றது. ஒளி நிறைந்த நீரில் இப்பங்கு 90 விழுக்காட்டையும் தாண்டும் என்று 1980களில் ஆய்வாளர் கணக்கிட்டுக் காட்டினர். வெளிச்சம் போதும் என்று சொல்வோர் பிடித்துக்கொண்டிருப்பது இவ்வெண்ணையே.

இவ்விவாதத்திற்கு ஒரு வரலாறு உண்டு. 1928–29இல் ஆஸ்திரேலியாவின் பெருந்தடைப் பவளப்பாறைக்குச் சென்ற ஆய்வுக் குழுவின் தலைவர் யாங், பவளம் ஊனுண்ணும் விலங்கே என்று உறுதியாக வாதிட்டார். ஒளி புகாத பெட்டியில் அடைக்கப்பட்ட பவளங்கள் பாசியை இழந்தும் உயிரோடிருந்ததை அவர் கண்டார். பாசி தரும் உணவு பவளத்திற்குத் தேவையே இல்லை என்பது அவர் முடிபு. 1950களிலிருந்து கதிரியக்கக் கரிமத்தைக் கொண்டு நடந்த ஆய்வுகள் அம்முடிபைத் திருத்தின. பாசி ஆக்கிய உணவு விருந்தளித்த உயிரின் உடலுக்குள் செல்வதை மஸ்கட்டைன் முதலியோர் மெய்ப்பித்தனர். அன்றுமுதல் தராசு மறுபக்கம் சாய்ந்தது. யாங் பாசியை மறந்தது போலவே, பின்வந்தோரின் கூற்றை அரைகுறையாகக் கேட்ட வணிகர் வாயை மறந்தனர்.

பாசி தருவது எத்தகைய உணவு என்பதே கேட்க வேண்டிய கேள்வி. அது பெரும்பாலும் சர்க்கரையும் கொழுப்பும். உடலைக் கட்டும் புரதத்திற்கு வேண்டிய நைட்ரசனும் பாஸ்பரசும் அதில் குறைவு. இதனை மலேசியத் தமிழருக்கு விளக்க வேறு நூல் வேண்டியதில்லை. 1941 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானியர் ஆட்சியை வாழ்ந்தறிந்த மூத்தோர் சொல்லிச் சென்ற செய்தியே போதும். அரிசி கிடைக்காத அந்நாளில் தோட்டத்து மக்கள் மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் தாங்கினர். வயிறு நிறைந்தது, உடல் நிறையவில்லை. கால் வீங்கிற்று, புண் ஆறவில்லை, பெரிபெரி நோய் வீடு வீடாகப் புகுந்தது. கிழங்கு உண்டானே, அவனுக்குப் பசி ஏது என்று எவரும் கேட்டதில்லை. வெளிச்சத்தை மட்டும் பெற்று வாழும் பவளத்தின் நிலை அத்தகையதே. அது உடனே சாவதில்லை. தேய்ந்து, நிறம் வெளிறி, பல திங்கள் கழித்தே சாகின்றது.

பவளங்களின் உணவுப் பழக்கம் பற்றி வந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்து 2009இல் ஊல்பிரெக், பெரியே-பஜே என்னும் இருவர் வெளியிட்ட கட்டுரை, நலமுள்ள பவளம் தன் அன்றாட ஆற்றல் தேவையில் 15 முதல் 35 விழுக்காடு வரை பிடித்துண்ணும் இரையிலிருந்து பெறுகின்றது என்று காட்டியது. வெப்பத்தால் பாசியை இழந்து வெளுத்த பவளத்தில் இது 100 விழுக்காடு வரை உயரக்கூடும். ஹவாய்த் தீவில் வெளுத்த பவள இனமொன்று இரையுண்ணும் அளவைக் கூட்டிக்கொண்டு தன் தேவை முழுவதையும் ஈடுசெய்ததை 2006இல் வெளியான ஆய்வு மெய்ப்பித்தது.

லூமுட் போன்ற வெப்ப ஊரில் இதற்குத் தனிப்பொருள் உண்டு. வீட்டுக் கூடத்தின் வெப்பம் 30 பாகையைத் தாண்டும் நாளில் தொட்டியைக் குளிர்விக்கும் பொறி சில மணி நேரம் நின்றாலும் பவளம் வெளுக்கத் தொடங்கலாம். அந்நேரத்தில் அதைக் காப்பது முன்னரே உடலில் சேர்ந்திருக்கும் சேமிப்பு. உண்ட பவளத்திற்குச் சேமிப்பு உண்டு. பட்டினி கிடந்த பவளத்திடம் என்ன இருக்கும்?

கலங்கிய நீரின் சாட்சி

பவளம் என்றதும் தெளிந்த நீலக் கடலையே பலரும் கற்பனை செய்கின்றனர். லூமுட் கடற்கரையில் நின்று பார்ப்பவருக்கு அக்கற்பனை கைகொடுக்காது. மலாக்கா நீரிணை சேறு கலந்த நீர்ப்பரப்பு. ஆறுகள் கொண்டுவரும் வண்டல் அதில் எப்போதும் மிதக்கின்றது. அந்நீரிலும் பவளம் வாழ்கின்றது. பங்கோரின் பாறையோரங்களிலும், அதற்குத் தெற்கே ஒன்பது தீவுகளென்று பெயர்பெற்ற செம்பிலான் தீவுக் கூட்டத்திலும் பவளங்கள் உண்டு.

ஒளி குறைந்த நீரில் அவை எவ்வாறு பிழைக்கின்றன? 2000ஆம் ஆண்டில் அந்தனி, பாப்ரிசியஸ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வுகள் இதற்கு விடை தருகின்றன. கலங்கிய நீரில் வாழும் சில பவள இனங்கள் நீரில் மிதக்கும் துகள்களை மிகுதியாக உண்டு, ஒளியால் வரும் இழப்பை ஈடுகட்டிக்கொள்கின்றன. வெளிச்சம் குறைந்தால் வாய் அகலமாகத் திறக்கின்றது என்று சுருங்கச் சொல்லலாம்.

பங்கோர் நெத்திலிக் கருவாட்டை அறியாத பேராக் குடும்பம் இராது. அந்த நெத்திலி கடலில் எதைத் தின்று பெருகுகின்றது? நீரில் மிதந்து திரியும் நுண்ணுயிர்களை. பவளம் கைநீட்டிப் பிடிப்பதும் அத்தகைய நுண்ணுயிர்களையே. இரவில் அவை மேலெழுந்து பெருகும் வேளையில்தான் பவளங்கள் பலவும் கொம்புகளை விரிக்கின்றன. கடல் இரவுதோறும் ஓயாமல் பரிமாறும் விருந்து அது. அவ்விருந்திலிருந்து ஓர் உயிரைப் பிடுங்கி வந்து, வடிகட்டித் தூய்மை செய்த வெறும் உப்புநீரில் வைத்துவிட்டு, வெளிச்சம் போதும் என்று சொல்வது, பந்தியிலிருந்து ஒருவரை எழுப்பிக் கொண்டுபோய் அடுப்பில்லா வீட்டில் பூட்டுவதை ஒக்கும்.

சூரியப் பவளத்தின் பட்டினி

எல்லாவற்றினும் கொடியது சூரியப் பவளம் என்னும் இனத்துக்கு நேர்வது. ஆரஞ்சு நிறத்தில் பூங்கொத்துப் போல விரியும் அதனை அறிவியலார் டுபாஸ்ட்ரேயா என்பர். பெயரிலே சூரியன் இருப்பினும் அதன் தசையில் பாசி இல்லை. வெளிச்சத்தால் அதற்கு ஒரு பருக்கையும் கிடைக்காது. கடலில் பாறையின் நிழலிலும் குகையின் கூரையிலும் ஒட்டிக்கொண்டு, இரையைப் பிடித்துண்டே அது வாழ்கின்றது. தொட்டியில் அது பிழைக்க வேண்டுமாயின், ஒவ்வொரு வாய்க்கும் தனித்தனியே, கிழமைக்கு இரண்டு மூன்று முறையேனும் உணவு சேர வேண்டும்.

இதனை விற்போர் சிலர் சொல்வதென்ன? "இதற்கு வெளிச்சம்கூட வேண்டியதில்லை; வளர்ப்பது எளிது" என்பதே. முதல் பாதி மெய். அடுத்த பாதி அம்மெய்யை மூலதனமாக்கிச் செய்யும் மோசடி. வெளிச்சம் வேண்டாத பவளமே வளர்ப்பதற்கு அரிய பவளம். ஏனெனில் அதன் உணவு முழுவதும் வளர்ப்பவர் கையிலிருந்தே வர வேண்டும். வாங்கிச் சென்றவர் சில நாள் அது விரிவதைக் கண்டு மகிழ்கிறார். பிறகு விரிவது குறைகின்றது. தசை சுருங்கி, அடியிலுள்ள வெள்ளைச் சுண்ணாம்புக் கூடு எட்டிப் பார்க்கின்றது. "இந்த வகை ராசியில்லை" என்று சொல்லிவிட்டு வேறொன்றை வாங்கப் போகிறார். கடையில் மற்றொரு சூரியப் பவளம் காத்திருக்கின்றது.

டெண்ட்ரோநெப்தியா என்னும் மென்பவளத்தின் கதை இதனினும் துயரமானது. செந்நிறமும் ஊதாவுமாக மின்னும் அதற்கும் உள்ளே பாசி இல்லை. மிக நுண்ணிய மிதவையுயிர்கள் ஓயாமல் வந்துகொண்டே இருக்க வேண்டும். தேர்ந்த காட்சியகங்களுக்கே அரிதான அப்பணியை வீட்டுத் தொட்டியில் எதிர்பார்ப்பது வீண். ஆயினும் அதன் அழகைக் காட்டி விற்பனை நடக்கின்றது. இறப்பு உறுதியென்று தெரிந்தே ஓர் உயிரை விற்பதற்கு வணிகம் என்ற பெயர் பொருந்துமா?

அள்ளிக் கொட்டுவதும் அறமன்று

இவ்வாறு சொன்னதும் மறுமுனைக்கு ஓடுவோர் உண்டு. புட்டியில் அடைத்த பவள உணவுகள் கடைகளில் வரிசை வரிசையாக நிற்கின்றன. அவற்றை வாங்கி, காலையும் மாலையும் தொட்டியில் ஊற்றிவிட்டு, கடமை முடிந்ததென்று மனநிறைவு கொள்வர். ஊற்றியதில் பவளத்தின் வாய்க்குப் போனது சிறிதே. எஞ்சியதெல்லாம் அழுகி நைட்ரேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் நீரில் சேர்கின்றது. சில கிழமைகளில் கண்ணாடியிலும் கல்லிலும் பசும்பாசி படர்ந்து பவளத்தையே மூடுகின்றது. லூமுட் என்ற பெயருக்குரிய பாசி, ஊரிலிருந்து தொட்டிக்குள் குடியேறிவிடுகின்றது. பட்டினி போடுவது ஒரு கொலை. மூச்சு முட்ட ஊற்றுவது மற்றொரு கொலை.

ஊட்டுவது என்பது பார்த்து ஊட்டுவது. குழந்தைக்குச் சோறூட்டும் தாய் சட்டியைத் தலையில் கவிழ்ப்பதில்லை. வாயைப் பார்த்து, பிடி அளந்து, விழுங்கியதா என்று கண்டு, அடுத்த பிடியை எடுக்கிறாள். பவளத்திற்கும் முறை அதுவே. விளக்கு அணைந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம் சென்றபின் கொம்புகள் விரிந்துள்ளனவா என்று பார்க்க வேண்டும். நீரைச் சுழற்றும் பொறியைச் சிறிது நேரம் நிறுத்த வேண்டும். உறைந்த இறாலோ மைசிஸ் என்னும் சிற்றிறாலோ ஆனால், உருக்கி, அதன் கலங்கல் நீரை வடித்துவிட்டு, சொட்டுக்குழாயால் கொம்புகளின் மேல் மெல்ல விட வேண்டும். பெரிய வாயுடைய இனத்திற்கு நறுக்கிய இறால் பொருந்தும். சிறிய வாயுடையதற்கு அது கல்லை ஊட்டுவதற்கு நிகர். வாய்க்கு மிஞ்சிய துண்டைப் பவளம் சில மணி நேரம் கழித்து உமிழ்ந்துவிடும். உமிழ்ந்தது நீரைக் கெடுக்கும்.

சிறுவாய்ப் பவளங்களுக்கு ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர் உயிரியின் குஞ்சுகள் உகந்தவை. இறால் குஞ்சு வளர்ப்போர் நெடுங்காலமாக அறிந்த உணவு அது. உலர்ந்த முட்டைகளை உப்புநீரில் இட்டுக் காற்றூட்டினால் ஏறத்தாழ 24 மணி நேரத்தில் பொரிந்துவிடும். குஞ்சின் நீளம் அரை மில்லிமீட்டரைத் தாண்டாது. பொரிந்தவுடன் கரு உணவு உடலில் இருக்கும்போதே கொடுத்துவிட வேண்டும். காத்திருந்தால் குஞ்சு தன் சத்தைத் தானே தின்று வெறும் கூடாகிவிடும். முட்டை ஓடுகளை நீக்கிவிட்டு ஊட்டுவது நன்று. இவ்வளவுக்கும் தேவைப்படும் செலவு, அந்நீல விளக்கின் விலையில் மிகச் சிறிய பங்கே. தேவைப்படுவது பொழுதும் பொறுமையும்தான். அவற்றைக் கடையில் வாங்க இயலாது.

நீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சிறிதும் இருக்கலாகாது என்று அஞ்சி, நுரைநீக்கியும் வடிகட்டியும் மருந்தும் வைத்து அவற்றை முற்றாகத் துடைத்தெடுப்பதும் பிழையே. பாஸ்பேட்டின்றி வாடும் பவளம் வெப்பத்திலும் ஒளியிலும் எளிதில் வெளுக்கும் என்று வீடன்மன் குழுவினர் 2013இல் காட்டினர். மிகுதல் நோய், இன்மையும் நோய். அளவறிந்து ஊட்டி, அளவறிந்து நீர் மாற்றுவதே வளர்ப்பவரின் கலை.

மறுப்போருக்கு மறுமொழி

"உணவே கொடுக்காமல் ஆண்டுக்கணக்கில் பவளம் வளர்ப்போர் இருக்கின்றனரே" என்பர் சிலர். அத்தொட்டிகளை உற்றுப் பார்த்தால் உண்மை புலப்படும். அங்கே மீன்கள் இருக்கும்; அவற்றுக்கு நாள்தோறும் உணவு விழும். மீன் சிந்தியதும், மீனின் கழிவும், கல்லிடுக்கில் பெருகிய நுண்ணுயிர்களும் பவளத்தின் பங்காகின்றன. 1961இல் ஜகார்த்தாவின் லீ சின் எங் என்பவர், கடலிலிருந்து எடுத்த உயிர்க்கற்களையும் இயற்கை ஒளியையும் கொண்டு பவளம் வளர்த்த முறையை உலகுக்கு எழுதி அறிவித்தார். அம்முறையின் சிறப்பே, கல்லோடு கடலின் சிற்றுயிர்களும் உடன்வந்தன என்பதுதான். ஆகவே அங்கும் பவளம் உண்கின்றது. கொல்லைப்புற வாசல் வழியாக வரும் உணவும் உணவே. அதைக் காணாதவர் உணவே இல்லை என்கிறார்.

"மூளையே இல்லாத உயிருக்குப் பசி தெரியுமா?" என்பது மற்றொரு கேள்வி. பவளத்திற்கு மூளை இல்லை என்பது மெய். ஆனால் இரையின் சுவை நீரில் கரைந்த சிறுபொழுதில் அதன் கொம்புகள் விரிகின்றன, வாய் திறக்கின்றது. பட்டினியில் அதன் தசை கரைகின்றது. வாய்விட்டு அழத் தெரியாத உயிர் என்பதால் கடன் குறையுமா? அழத் தெரியாததன் பசியை அறிந்து ஊட்டுவதன்றோ பெரிய கடன்?

"மனிதனுக்கே உணவில்லாத உலகில் பவளத்திற்கு உணவா?" என்று கேட்போரும் உளர். இக்கேள்வியைப் பவளத்தை வாங்காதவர் கேட்கலாம், வாங்கியவர் கேட்கலாகாது. எவரும் அவரை வற்புறுத்தி வாங்கச் செய்யவில்லை. நூற்றுக்கணக்கான வெள்ளியை விலையாகக் கொடுத்தபோது தோன்றாத இரக்கம், ஒரு துண்டு இறாலை நறுக்கும்போது மட்டும் தோன்றுவானேன்?

சட்டம் நிற்குமிடமும் அறம் தொடங்குமிடமும்

பவளத்தைக் காக்கச் சட்டங்கள் உண்டு. மலேசியாவின் 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம், கடற்பூங்காக்களில் அனுமதியின்றிப் பவளம் எடுப்பதைத் தடுக்கின்றது. 1994இல் கடற்பூங்காக்களாக அறிவிக்கப்பட்ட தீவுகளின் பட்டியலில் கெடா, திரெங்கானு, பகாங், ஜொகூர், லாபுவான் ஆகியவற்றின் தீவுகள் இடம்பெற்றன. லூமுட்டுக்கு எதிரே உள்ள தீவுகள் அப்பட்டியலில் இடம்பெறவில்லை. கற்பவளங்களின் பன்னாட்டு வணிகம் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலின்படி உரிமம் பெற்றே நடக்க வேண்டும். தமிழ்நாட்டில், மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்த பவளப்பாறைகள் சுண்ணாம்புக்காகப் பல்லாண்டு வெட்டி எடுக்கப்பட்டன. 1986இல் அங்கே கடல்சார் தேசியப் பூங்கா அமைந்தது. 2001இல் இந்திய அரசு பாறைகட்டும் பவளங்களை வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது.

இச்சட்டங்கள் யாவும் பவளத்தைப் பெயர்ப்பதையும் கடத்துவதையும் பற்றிப் பேசுவன. வாங்கிச் சென்ற பவளத்திற்கு அடுத்த திங்களில் உணவு கிடைத்ததா என்று வீடு வீடாக வந்து தொட்டியை எட்டிப் பார்க்கும் அதிகாரி எவரும் இல்லை. அங்கே வளர்ப்பவரின் மனச்சான்றே அதிகாரி.

தமிழருக்கு இது கற்றுக்கொடுக்க வேண்டிய பாடமன்று. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியை ஏந்திப் பசித்தோரைத் தேடிச் சென்ற மணிமேகலையைக் காப்பியத் தலைவியாக்கியது தமிழ். 1867இல் வடலூரில் இராமலிங்க அடிகளார் மூட்டிய அடுப்பு அணையாமல் எரிந்துவருவதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வது தமிழினம். பங்கோருக்குத் தேர் பார்க்க வரும் வழிநெடுகிலும் அன்னதானப் பந்தல் இடுவதும் தமிழர்தாம். முகமறியாதவருக்கும் இலை போடும் வீட்டில், கூடத்தில் வைத்த உயிர் ஒன்று வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே பட்டினியில் கரைவது அந்த மரபுக்குப் பொருந்துமா?

செய்ய வேண்டியவை சிலவே. விற்பவர் ஒவ்வொரு பவளத்தின் அருகிலும் அதன் இனப்பெயர், அதனுள் பாசி உண்டா இல்லையா, உணவு என்ன, கிழமைக்கு எத்தனை முறை என்னும் செய்திகளைத் தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் எழுதி வைக்க வேண்டும். பாசியற்ற பவளங்களை, ஊட்டி வளர்க்கும் பயிற்சி உடையவர்க்கன்றி விற்கலாகாது. வாங்குபவர் விலையைக் கேட்பதற்கு முன் உணவைக் கேட்க வேண்டும். விடை "வெளிச்சம் போதும்" என்றால், மறுபேச்சின்றி அக்கடையை விட்டு வெளியேற வேண்டும். ஊட்ட இயலாதென்று உணர்ந்தவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு படகேறிச் சென்று, கடலிலேயே பவளத்தைப் பார்த்துவரலாம். அங்கே அதற்கு ஊட்ட ஆள் வேண்டியதில்லை. இரவு வந்ததும் கடலே பரிமாறும்.

ஓர் உயிரைக் கடலிடமிருந்து வாங்கியவர், கடல் அதற்குச் செய்துவந்த பணியையும் சேர்த்தே வாங்கியிருக்கிறார். பணியைத் தள்ளிவிட்டுப் பவளத்தை மட்டும் வைத்துக்கொள்ள எவருக்கும் உரிமையில்லை.